ஆப்பசைத்த குரங்கும் ஒரு 1936 ஃபோர்டும்

ஏப்ரலில் கார் என் கராஜுக்கு வந்தது. மே முடிவதற்குள் அதற்கு மூன்று கெடுதல் செய்துவிட்டேன். முன் ஸ்பிரிங்குக்கு மேலே செருகியிருந்த இரும்புத் துண்டு ஒன்றை உருவி ஓரமாகப் போட்டேன். வளைந்திருந்த முன் ஆக்ஸிலை நிமிர்த்தினேன். பின்சக்கரம் இரண்டுக்கும் ஒரே அளவில் புது டயர் வாங்கி மாட்டினேன். ஒவ்வொரு வேலையையும் முடித்துக் கையைத் துடைக்கும்போது, அப்பா பார்த்தால் மெச்சுவார் என்று தோன்றியது. மூன்றையும் திரும்பக் கோணலாக்க செப்டம்பர் ஆகிவிட்டது.

நான் இருப்பது கனெக்டிகட்டில், டேன்பரி பக்கம். டூல் ரூமில் வேலை. அதற்கு முன்னால் கோயம்புத்தூர் கணபதியில் அப்பாவின் லேத்துப் பட்டறை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெரியவருக்கு எண்பத்தாறு வயது. என்னைக் 'கிட்' என்றுதான் கூப்பிடுவார்; எனக்கு நாற்பத்தெட்டு. பனி அள்ளும் மெஷின் ஒன்றை அவருக்கு ரிப்பேர் பார்த்துக் கொடுத்தேன். அன்றைக்கு என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொட்டகையில ஒண்ணு கிடக்கு, வந்து பாரு" என்றார்.

தார்ப்பாயை இழுத்ததும் முதலில் எலிக்கூடுதான் தெரிந்தது. அதற்குக் கீழே கார். 1936 ஃபோர்டு கூப்பே. கூப்பே என்றால் இரண்டு கதவு, சின்னக் கூண்டு, பின்னால் சரிந்த முதுகு. மட்கார்டு நான்கும் இல்லை. கண்ணாடி ஒன்றுகூட இல்லை. கதவுகளை வெல்டு வைத்து அடைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். உள்ளே தண்ணீர்க் குழாயால் கட்டிய ஒரு கூண்டு, போர் விமானங்களிலிருந்து கழித்துப்போட்ட சரக்கில் வாங்கிய இடுப்புப் பட்டை. பெரியவர் 1957 முதல் 1963 வரை டேன்பரி சந்தைத் திடலின் ஓவலில், அதாவது நீள்வட்டப் பந்தயத் தடத்தில், இதைத்தான் ஓட்டினார். அதற்குப் பிறகு கொட்டகைதான்.

இந்த வகைக் காருக்கு மாடிஃபைடு என்று பேர். போர் முடிந்த சமயத்தில் முப்பதுகளின் ஃபோர்டும் செவர்லேயும் பழைய இரும்புக் கடைகளில் சல்லிசாகக் கிடைத்தன. ராணுவத்தில் மெக்கானிக் வேலை பழகிய இளவட்டங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். மட்கார்டை வெட்டி, இன்ஜினை ஏற்றி, அரை மைலும் கால் மைலுமான ஓவல் தடங்களில் வாரந்தோறும் சுற்றினார்கள். இன்றைக்கு உலகமே அறிந்த அமெரிக்கக் கார்ப்பந்தய அமைப்பான நாஸ்காரின் முதல் பந்தயம், 1948 பிப்ரவரி 15-ஆம் தேதி டேடோனா கடற்கரையில் நடந்தது, இந்த மாடிஃபைடு கார்களுக்குத்தான். ஷோரூம் கார் ஓடும் பிரிவு அடுத்த ஆண்டுதான் வந்தது. அன்றைக்கு ஜெயித்த ரெட் பைரனுக்குப் போரில் இடது கால் சிதைந்திருந்தது. கிளட்சை மிதிக்கக் காலுக்கு இரும்புக் கட்டு போட்டுக்கொண்டு ஓட்டினவர். அவர் ஓட்டியதும் 1939 ஃபோர்டு, இதே ஃபிளாட்ஹெட் வி-8 இன்ஜின். பெரியவர் இதைச் சொல்லும்போது தன் வீட்டுப் பிள்ளை பாஸான கதை மாதிரி சொல்வார்.

வேலையை இன்ஜினிலிருந்து ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது இரும்புதான்.

ஃபிளாட்ஹெட் என்ற பேருக்கு ஏற்ப அதன் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம், ஒரு தோசைக்கல் மாதிரி தட்டையானது. வால்வு எல்லாம் கீழே பிளாக்கிலேயே, சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 1932-இல் சாமானியன் வாங்கும் விலையில் ஃபோர்டு கொடுத்த வி-8 இது. எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் எடுத்தார்கள். ஒரு பவுண்டரி ஊர்க்காரனாக எனக்கு அது இன்னும் ஆச்சரியம்தான். ஆனால் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. எரிந்த புகை வெளியே போக வேண்டிய வழி, பிளாக்கின் நடுவிலிருந்து சிலிண்டர்களுக்கு இடையே புகுந்து, தண்ணீர் அறையைத் தாண்டி வெளிப்பக்கம் வருகிறது. ஒரு பக்கத்துக்கு நாலு சிலிண்டர், ஆனால் புகைக்கு மூன்றே வாசல். நடு இரண்டுக்கும் பொது. அடுப்புப் புகைபோக்கியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுக் கட்டிய மாதிரி. தண்ணீர் கொதிக்காமல் என்ன செய்யும்? அதனால்தான் இதற்கு வாட்டர் பம்பு இரண்டு.

எங்கள் இன்ஜின் 59 ஏபி என்று பேர் போட்ட பிளாக். உள்ளே பிற்பாடு வந்த மெர்குரி காரின் நாலு இஞ்ச் ஸ்ட்ரோக் கிராங்கை மாட்டி, போரையும், அதாவது சிலிண்டரின் உள்துளையையும், எட்டில் ஒரு இஞ்ச் பெரிதாக்கியிருந்தார். 239 கன இஞ்ச் இன்ஜின் 276 ஆகியிருந்தது. அறுபது வருஷம் நின்றதில் பிஸ்டன் அத்தனையும் பிடித்துக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றினேன். தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஃபிளைவீல் பல்லில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு. அசையாவிட்டால் அடிக்கக் கூடாது. மறுநாள் பார்க்க வேண்டும். ஒன்பதாம் நாள் ஒரு மயிரிழை நகர்ந்தது. அந்த 'க்ளக்' சத்தத்துக்கு என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து.

ஹெட்டைக் கழற்றுவது தனிப் பாடு. ஹெட்டை இறுக்கும் மரைக் கம்பிகள், பக்கத்துக்கு 24 ஸ்டட், மொத்தம் 48. ஸ்டட்டின் அடியை டார்ச்சால் சூடு பண்ணி, சிவக்கும் முன்னால் நிறுத்தி, மெழுகுவர்த்தியை மரைக்கு நேராக வைத்தால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். அப்பாவின் பட்டறை வித்தை. 43 வந்துவிட்டது. ஐந்து முறிந்தது. முறிந்ததைச் சென்டர் பார்த்துத் துளை போட்டு எடுக்க இரண்டு வார இறுதி போனது.

அதற்கப்புறம்தான் எனக்கு ஊர் ஞாபகம் வந்த விஷயம். பிளாக்கின் தண்ணீர் அறைக்குள் வளைந்த கம்பியை விட்டு நோண்டிக்கொண்டிருந்தேன். துருவும் சேறும் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது மணல். கறுப்பாக, நெருநெருவென்று, விரலில் தேய்த்தால் ஒட்டாத மணல். கூடவே துண்டுத் துண்டாகக் கோர் கம்பி. வார்ப்பு ஊற்றும்போது உள்ளே குழிவு வருவதற்காக வைக்கிற கோர் மணல்தான் அது. வார்ப்பு ஆறியதும், அதைச் சுத்தம் பண்ணும் ஃபெட்லிங்கில் தட்டி எடுத்திருக்க வேண்டும். இந்த பிளாக்கின் சந்து பொந்துகளில் எட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஃபிளாட்ஹெட் பிளாக்கைப் பிரிக்கிறவர்கள் எல்லாரும் பார்க்கிற சமாச்சாரம்தான் என்று பின்னால் தெரிந்தது. காபி டப்பா ஒன்று நிறைய எடுத்தேன். பெரியவரிடம் காட்டினேன். டப்பாவை வாங்கிக் குலுக்கிப் பார்த்தவர், "ஆறு வருஷம் இந்த மணலோடவா கொதிச்சுக்கிட்டு ஓட்டினேன்!" என்று ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். டப்பாவை அவர் திருப்பித் தரவில்லை.

விரிசல் பார்க்க மூன்று ஸ்பிரே போதும். கழுவுவது ஒன்று, சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. சிவப்பை அடித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட வேண்டும். மேலே வெள்ளைப் பொடியை அடித்தால் விரிசலுக்குள் இறங்கிய சிவப்பு மேலே கசிந்து கோடு போடும். ஏழு சிலிண்டர் சுத்தம். ஒன்றில் புகை வால்விலிருந்து போரை நோக்கி முக்கால் இஞ்ச் சிவப்புக் கோடு. நல்ல காலம், போரைத் தொடக் கால் இஞ்ச் இருக்கும்போது நின்றிருந்தது. தொட்டிருந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது உறை போட வேண்டி வந்திருக்கும்.

வார்ப்பிரும்பை வெல்டு வைத்தால் பக்கத்தில் புது விரிசல் போகும், அதனால் தையல் போட்டேன். விரிசலின் முனையில் ஒரு துளை, மரை வெட்டி, இரும்புத் திருகை இறுக்கித் தலையை வெட்டிவிட வேண்டும். அடுத்த துளை அந்தத் திருகின் ஓரத்தையே கடித்தபடி விழ வேண்டும். சங்கிலி மாதிரி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசையாகப் போய், கடைசியில் எல்லாவற்றையும் சுத்தியலால் மெல்லத் தட்டி மட்டமாகத் தேய்த்தால் தையல் முடிந்தது. முக்கால் இஞ்சுக்கு ஏழு திருகு. வேலை நேரத்தில் மூச்சு விடுவதைக்கூட யோசித்துத்தான் விட்டேன்.

துரு எடுப்பது எளிது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், காலனுக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் காரின் பாகத்துக்கு, பாசிட்டிவ் பலிகொடுக்கும் முறுக்குக் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் பாகம் கரைந்துபோகும். எவர்சில்வரைப் பலிக்கம்பியாக வைக்கவே கூடாது, தண்ணீரில் குரோமிய விஷம் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்பும், கதவைத் திறந்து வைக்க வேண்டும். ஸ்பிரிங்கையும் உறுதி கூடின போல்ட்டையும் இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே ஏறி அதை உடையக்கூடியதாக்கிவிடும்.

இடையில் ஒரு முட்டாள்தனம். கூண்டுக் குழாயில் ஒரு மூட்டு விட்டிருந்தது. தண்ணீர்க் குழாய் ஆயிற்றே, மேலே துத்தநாகப் பூச்சு இருக்கும் என்று தெரிந்து வெளியே சாணை பிடித்துச் சுத்தமாக்கினேன். குழாய்க்கு உள்பக்கமும் அதே பூச்சு இருக்கும் என்பது வெல்டு முடிந்து வெள்ளைப் புகை தலையைச் சுற்றியபோதுதான் உறைத்தது. ராத்திரி குளிர் தூக்கிப் போட்டது. நாக்கில் தகரத்தை நக்கின ருசி. ஒரு நாள் காய்ச்சல், அப்புறம் போய்விட்டது. கணபதியில் வெல்டர்கள் இதற்குப் பால் குடிப்பார்கள். பெரியவரும் விஷயம் கேள்விப்பட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தது ஒரு காலன் பால். உலகமெல்லாம் வெல்டருக்கு ஒரே வைத்தியம். பலன் உண்டா என்பது வேறு. இந்தக் கூண்டை நம்பி இன்றைக்கு யாரும் பந்தயம் ஓட்ட முடியாது, காட்சி ஓட்டம் மட்டும்தான் என்று அவரிடம் அப்போதே எழுதாத ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன்.

இனி அந்த மூன்று கெடுதல்.

சேசிஸைத் தாங்கியில் ஏற்றி, ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டு அளந்தேன். எந்த அளவும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. இடது பக்கம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி வலதைவிட ஒரு இஞ்ச் குறைவு. இன்ஜின் நடுவில் இல்லை, இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. முன் ஆக்ஸில் வளைந்திருந்தது. வலது சக்கரத்தின் தலை, 16 இஞ்ச் ரிம் உயரத்துக்கு 7/16 இஞ்ச் உள்ளே சாய்ந்திருந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி. இடது சக்கரத்தின் தலை 5/16 இஞ்ச் வெளியே. ஆறு வருஷம் மோதி மோதி இப்படி ஆகியிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். அளவுகளை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். டூல் ரூமில் எதைத் தொடும் முன்னாலும் எழுதுகிற பழக்கம். அதுதான் பிற்பாடு காப்பாற்றியது.

ஆக்ஸில் அடித்துச் செய்த இரும்பு, ஐ வடிவம். சூடு பண்ணினால் அதன் பதம் போய்விடும் என்பதால் குளிர்ந்தபடியே வளைக்க வேண்டும். தடித்த உத்தரத்தில் சங்கிலியால் கட்டி, இரண்டு இடத்தில் கட்டை கொடுத்து, நடுவில் இருபது டன் ஜாக்கி. அழுத்தம் ஏறும், ஒன்றும் நடக்காது, சங்கிலி முனகும், விட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இரும்பு போக வேண்டிய தூரத்தைவிடக் கொஞ்சம் கூடத் தள்ளினால்தான் விட்டதும் நமக்கு வேண்டிய இடத்தில் நிற்கும். நாலு மணி நேரம். இரண்டு சக்கரமும் தூண் மாதிரி நிமிர்ந்து நின்றன.

மறுநாள் காலை பெரியவர் காபிக் கோப்பையோடு வந்தார். காருக்கு முன்னால் நின்றார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கோப்பையை உத்தரத்தின் மேல் வைத்துவிட்டு, "யாரு இதை நிமிர்த்தினது?" என்றார்.

"நான்தான் சார்."

பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் 1959 என்று பின்னால் எழுதிய கறுப்பு வெள்ளைப் போட்டோ. கார் நேர் முன்னாலிருந்து. இரண்டு முன்சக்கரமும் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தன, காற்றுக்குச் சாய்ந்த இரண்டு தென்னை மாதிரி. "இதை நான் ரெண்டு நாள் பாடுபட்டு வளைச்சேன் கிட்" என்றார்.

எனக்கு உறைக்க அரை நிமிஷம் ஆனது. இந்தக் கார் வாழ்நாளில் வலது பக்கம் திரும்பியதே இல்லை. ஓவலில் எல்லாத் திருப்பமும் இடதுதான். திரும்பும்போது பாரம் வலது முன் டயரில் விழுந்து அதை வெளிப்பக்கமாகச் சுருட்டப் பார்க்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால் பாரம் ஏறும் நேரத்தில் டயர் தடத்தில் முழுசாகப் படியும். இடது டயருக்கு அதற்கு நேர் எதிர் சாய்வு. இன்ஜினை இடது பக்கம் ஒதுக்கியதும் அதே கணக்குத்தான், பாரம் உள்பக்கம் இருக்கட்டும் என்று. ஒரு பக்கம் நீளம் ஒரு இஞ்ச் குறைந்ததும் மோதலால் இல்லை. கார் தானாகவே இடது பக்கம் இழுக்க வேண்டும் என்று அவரே பொருத்தியது.

அடுத்ததாக அவர் கேட்டது: "ஸ்பிரிங்குக்கு மேல ஒரு ஆப்பு இருந்துச்சே?"

ஆப்பு. நான் ஓரமாகப் போட்ட இரும்புத் துண்டு. பழைய ஃபோர்டில் முன்னால் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங்தான், காரின் குறுக்காக, நடுவில் கட்டியிருக்கும். நடுக்கட்டில் ஒரு பக்கம் தடித்த ஆப்பைச் செருகினால் ஸ்பிரிங் சாய்ந்து வலது முனையைக் கூடுதலாக அழுத்தும். நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைக்கிற மாதிரிதான்: அந்தக் காலிலும் அதற்கு மூலைவிட்டமாக இருக்கிற காலிலும் பாரம் ஏறும், மற்ற இரண்டில் இறங்கும். ஆகவே வலது முன்னும் இடது பின்னும் கனக்கும். திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிச் சுழலாமல் பிடித்து வைப்பது இந்தக் கூடுதல் பாரம். இன்றைக்குப் பெரிய பந்தயங்களில் கார் நடுவில் பிட்டுக்கு, அதாவது நிறுத்திச் சரிபார்க்கும் இடத்துக்கு, வரும்போது பின்பக்கம் ஒருவர் நீளக் கம்பியை விட்டு ஒரு திருகாணியைத் திருப்புவார். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேரும் ஆப்புதான். ஆப்பசைத்த குரங்கு கதையைப் பெரியவருக்குச் சொல்லிப் பார்த்தேன். வால் மாட்டிக்கொள்ளும் இடத்தில் ரொம்ப நேரம் சிரித்தார்.

பழைய இரும்புத் தொட்டியைக் கொட்டித் தேடி ஆப்பை எடுத்தோம். நல்ல வேளை, எடைக்குப் போட்டிருக்கவில்லை. நாலு சக்கரத்துக்கு அடியிலும் வைக்கும் எடைத்தட்டை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி, ஆப்பு இல்லாமலும் ஆப்போடும் நிறுத்தேன். ஆப்பு இல்லாமல் இடது முன் 610 பவுண்டு, வலது முன் 490, இடது பின் 650, வலது பின் 600. ஆப்பை வைத்ததும் 560, 540, 700, 550. மொத்தம் அதே 2,350. இடது பக்கக் கனமும் அதே 1,260. முன்னும் பின்னும்கூட மாறவில்லை. மூலைவிட்டம் மட்டும் 48.5 சதவீதத்திலிருந்து 52.8 ஆகியிருந்தது. கட்டைவிரல் தடிமன் இரும்பு. நான் அந்த நாலு எண்ணையும் ராத்திரி படுக்கையில்கூடப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக்ஸிலை நோட்டுக் கணக்குப்படி திரும்ப வளைத்து, மறுபடி சிவப்பு வெள்ளை அடித்து விரிசல் இல்லை என்று உறுதி பண்ணினேன். இந்த முறை ஜாக்கி பிடியை அழுத்தியது அவர். நான் அளவு பார்த்தேன். கடைசி அழுத்தில் நான் "போதும்" என்றேன். அவர் இன்னும் கால் பிடி அழுத்திவிட்டு விட்டார். அளந்தால் சரியாக 7/16.

மூன்றாவது டயர். பின் ஆக்ஸிலில், இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் என்பதே கிடையாது. பல்லையெல்லாம் வெல்டு வைத்துப் பூட்டியிருந்தார்கள். நடுவில் ஹாலிபிராண்ட் கம்பெனியின் குயிக் சேஞ்ச் பெட்டி. பின் மூடியைக் கழற்றினால் இரண்டு பல்சக்கரம் கையோடு வரும், மாற்றிப் போட்டால் கியர் விகிதம் மாறிவிடும். 20 பல்லும் 24 பல்லும் உள்ள ஜோடி ஒன்று இருந்தது. உள்ளே இருக்கும் மாறாத விகிதம் 4.11. ஒரு விதமாகப் போட்டால் 4.93, மேல் கீழாக மாற்றினால் 3.43. ஒரே ஜோடியில் குட்டித் தடத்துக்கும் நீளத் தடத்துக்கும் கணக்கு. இதைப் பிரித்துப் பூட்டுவதையே ஒரு சாயங்காலம் முழுக்க விளையாடிக்கொண்டிருந்தேன். காரில் தேவையே இல்லாமல் நான் அதிகமாகத் தொட்ட பாகம் இதுதான்.

பூட்டிய ஆக்ஸிலில் இரண்டு சக்கரமும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். ஆனால் திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். அதனால் வலது டயரின் சுற்றளவு பெரிதாக இருக்க வேண்டும். பேப்பர் கப்பைப் படுக்கப்போட்டு உருட்டினால் வட்டமடிக்கும் அல்லவா, அதே சங்கதி. நான் ஒரே அளவில் இரண்டு டயர் மாட்டி, கப்பை உருளையாக்கி வைத்திருந்தேன்.

"எந்தத் தடத்துக்கு வைக்கணும்?" என்று கேட்டேன்.

"டேன்பரிக்கு."

டேன்பரி தடம் இல்லை. 1981-இல் சந்தை மூடியது, திடலை விற்றார்கள், 1986-இல் அங்கே மால் வந்துவிட்டது. குளிர்காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் நடைப்பயிற்சிக்கு அங்கேதான் போகிறார்கள். அவரும் மனைவியோடு போகிறார். ஒருநாள் கூடப் போனேன். செருப்புக்கடை ஒன்றின் முன்னால் நின்று, "இதான் மூணாவது திருப்பம்" என்றார். அவர் மனைவி, "போன மாசம் எஸ்கலேட்டர் பக்கம்னு சொன்னீங்க" என்றார். பெரியவர் காதில் வாங்காமல் உள்ளங்கையைச் சாய்த்து, கார் எப்படி நுழையும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

டேன்பரி மட்டும் இல்லை. பென்சில்வேனியாவில் லாங்ஹார்ன், நேர்கோடே இல்லாத ஒரு மைல் முழு வட்டம், அதில் ஒரு இறக்கத்துக்கு வாந்திப் பள்ளம் என்றே பேர், 1971-இல் மூடியது. ரெடிங் 1979, அங்கேயும் மால் வந்தது. லாங் ஐலண்டில் ஐஸ்லிப் 1984. மாசசூசெட்ஸில் ரிவர்சைடு பார்க் 1999. நகரம் வளர்ந்து நிலம் விலை ஏறியது. சனிக்கிழமை ராத்திரி சத்தம் புதுக் குடித்தனக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் போய்விடவும் இல்லை. கனெக்டிகட்டிலேயே ஸ்டாஃபர்டும் தாம்சனும் ஓடுகின்றன. வட கரோலினாவில் போமன் கிரே அரங்கில் கால்பந்து மைதானத்தைச் சுற்றியே 1949-இலிருந்து மாடிஃபைடு ஓட்டுகிறார்கள். கார்தான் மாறிவிட்டது. எழுபதுகளில் கூப்பே போய் பின்டோ, வேகா, கிரெம்லின் என்ற சின்னக் கார்கள் வந்தன. அந்தக் காலத்தில் 1971 முதல் 1985 வரை தேசிய மாடிஃபைடு பட்டம் பதினைந்து வருஷமும் நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்ற ஒரே ஊருக்குப் போனது: ஜெர்ரி குக் ஆறு, ரிச்சி எவான்ஸ் ஒன்பது. எவான்ஸின் ஆரஞ்சு நிற 61-ஆம் எண் கார் பற்றிப் பெரியவர் பேச மாட்டார். எவான்ஸ் 1985 அக்டோபரில் மார்ட்டின்ஸ்வில்லில் பயிற்சி ஓட்டத்தில் இறந்த செய்தியை வானொலியில் கேட்டதாக ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான்.

சரி, இல்லாத தடத்துக்குக் கணக்கு. திருப்பத்தின் ஆரம் இருநூறு அடி இருக்கும் என்றார். சக்கரங்களுக்கு இடையே ஐந்து அடி. வெளிச்சக்கரம் 202.5 அடி ஆரத்தில் போகும், உள்சக்கரம் 197.5. இடது டயர் சுற்றளவு 84 இஞ்ச் என்றால் வலது 86-க்குக் கொஞ்சம் மேலே, வித்தியாசம் 2.1 இஞ்ச். கொட்டகையில் இற்றுக் கிடந்த பழைய டயர் இரண்டையும் தேடியெடுத்து நாடா போட்டேன். வித்தியாசம் இரண்டேகால். அவர் இந்தச் சூத்திரத்தை எழுதிப் பார்த்தவர் இல்லை. அந்தக் காலத்தில் டயர்க் கடையில் குவியலை நாடாவோடு சுற்றிச் சுற்றி வந்து பொறுக்குவாராம். நான் வாங்கிய இரண்டில் ஒன்றை மாற்றி, பெரிய டயர் ஒன்று தேடிப் பிடித்தேன்.

பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வலது பின் ஓரத்தில் ஒரு பெரிய நசுங்கல். பட்டி பார்க்கட்டுமா என்று கேட்டேன். "அது 1961, தொடாதே" என்றார். இதற்குள் எனக்கும் புத்தி வந்திருந்தது. கார் நம்பரைப் பிரஷ்ஷாலேயே எழுத வைத்தோம்.

இன்ஜின் செப்டம்பர் இரண்டாம் வாரம் உயிர் பெற்றது. இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்பரேட்டர். ஒன்று ஒழுகியது, மிதவை ஊசியை மாற்றினேன். தண்ணீர் மேலே வரும் இரண்டு ஹோஸிலும் துளை போட்ட வாஷரைச் செருகி ஓட்டத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினேன். பழைய ஆட்கள் செய்கிற காரியம். அரை மணி நேரம் ஓடியும் சூடு 190 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. தையல் கசியவில்லை. சத்தத்தை எழுதத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் மும்மூன்று வாசல் என்பதால் ஒரு நொண்டித் தாளம் அதில் உண்டு.

அக்டோபரில் பழைய கார்களுக்கென்று ஒதுக்கிய ஒரு ஞாயிறு, கால் மைல் தடம். ஜன்னல் வழியாக அவரை ஏற்றுவதற்கு மூன்று பேர் தேவைப்பட்டோம். வலது கால் முதலில், பிறகு இடுப்பு, பிறகு திட்டு. ஹெல்மெட்டுக்குள் முகம் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டது. மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு சுற்று மெதுவாகத்தான் போனார்.

எட்டு சுற்று. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கண் முன்சக்கரத்தின் மேலேயே இருந்தது. திருப்பத்தில் பாரம் விழுந்ததும் சாய்ந்திருந்த வலது டயர் தரையில் அப்படியே தட்டையாகப் படிந்தது.

உள்ளே வந்து நிறுத்தினார். ஓடிப்போய் ஜன்னலில் தலையை விட்டேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "திருப்பத்துல மூக்கு வெளிய போகுது. வலது பின் டயர் இன்னும் அரை இஞ்ச் பெருசா வேணும்" என்றார்.

பாக்கெட் நோட்டை எடுத்தேன். கால் மைல் தடத்தில் திருப்பம் குறுகல். ஆரம் நூற்றைம்பது அடி என்று போட்டேன். 152.5, 147.5. வித்தியாசம் 2.8 இஞ்ச் வர வேண்டும். நாம் வைத்திருப்பது 2.1. முதுகிலேயே அளந்திருக்கிறார் மனுஷன்.

பழைய பாணி டயர், காற்று அடித்தால் சுற்றளவு கூடும். நான் காற்று பம்பை எடுத்து வந்தேன். அவர் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஓட்டத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. நான் மண்டிபோட்டு நாடாவை டயரைச் சுற்றிப் பிடித்தேன், அவர் உள்ளேயிருந்து, "எவ்வளவு? இப்போ எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.